ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இப்போது நானும் வீட்டுக்காரரும் ஓடுகிறோம். ஓடுகிறோம் என்றால், 5 நிமிஷம் வேக நடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிஷம். வாரத்துக்கு 3 நாள்தான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். முழங்காலும் கணுக்காலும் நிதானமாகத்தான் பழகும். அதனால் நடுவில் ஒருநாள் ஓய்வு கட்டாயம்.

திட்டத்தின் பெயர் ‘கவுச் டு 5கே’. 9 வாரத்தில் 5 கிலோமீட்டர். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், தன் அம்மாவையும் ஓட வைக்கும் ஆசையில் எழுதியது. பெற்ற பிள்ளை போட்டது என்பதால்தான் இவ்வளவு பொறுமையான அட்டவணை போலிருக்கிறது.

சேர்ந்து ஓடுவதில் ஒரே தகராறு வேகம்தான். அவருக்கு நீளக் கால். “ஏனுங்க, பேசிட்டே ஓடுங்க” என்பேன். பேச முடிகிற வேகம்தான் ஆரம்பத்தில் சரியான வேகம். உடனே பையனின் ஸ்கூல் ஃபீஸ், மோட்டார் ரிப்பேர், மாமா வீட்டுக் கல்யாணம் என்று ஆரம்பிப்பார். வீட்டில் “ம்” என்பதைத் தாண்டாத மனுஷர்! வாக்கியம் பாதியில் நின்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்துவிடுவோம்.

ஐந்தாம் வாரம் மூன்றாம் நாள், நடையே இல்லாமல் 20 நிமிஷம் ஓட வேண்டும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முகநூல் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.