இன்சூரன்ஸ்ல வருமா?

வருஷா வருஷம் மார்ச் மாதம் அம்மாவின் சீனியர் சிட்டிசன் பாலிசிக்குப் பிரீமியம் கட்டும்போது எனக்கு வயிறு எரியும். 2024-லும் எரிந்தது. பிரீமியம் ஏறியிருந்தது, அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. (2025 செப்டம்பரில்தான் அந்த வரியை எடுத்தார்கள்.) இத்தனை காலத்தில் ஒரு பைசா க்ளெய்ம் பண்ணியதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டியவன், கட்டின பணம் போச்சே என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே, அம்பத்தூர் ஓ.டி.யில் அம்மாவின் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர், மருந்துச் சீட்டின் அடியில் ‘ஷிங்ரிக்ஸ்’ என்று எழுதினார். அக்கிக்கான தடுப்பூசி.

“சின்ன வயசுல அம்மை போட்டவங்களுக்கு அந்தக் கிருமி நரம்புலயே தங்கியிருக்கும். வயசாகி, சுகரும் இருந்தா மறுபடி கிளம்பும். இந்த ஊசி 2023-லதான் இந்தியாவுக்கு வந்துச்சு. ஐம்பது தாண்டினவங்க போட்டுக்கலாம். ரெண்டு டோஸ். நடுவுல ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் விடலாம்.”

விலை கேட்டேன். ஒரு டோஸே பத்தாயிரத்துக்கு மேல். அடுத்து நான் கேட்டது: “இன்சூரன்ஸ்ல வருமா?”

அவர் பேனாவை மூடிக்கொண்டு, “கேட்டுப் பாருங்க” என்றார்.

கேட்டேன். அட்மிஷன் இல்லாமல் எதுவும் வராது என்றார் கம்பெனியில் போனை எடுத்த பெண். நம்பாமல் பாலிசிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் படித்தேன். பிராணிகள் கடித்த பிறகு போடும் ஊசி தவிர, மற்ற தடுப்பூசிச் செலவு கிடையாது என்றிருந்தது. நாய்க்கடி ஊசியை அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே போடுகிறார்கள்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால், அவர்கள் அட்டவணை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் அந்த அட்டையும் எங்களுக்கு இல்லை.

கடைசியில் ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். “அடுத்த ரினியூவல்ல ஓபிடி கவர் சேர்த்துக்கலாம் சார், அட்மிட் ஆகாமலே க்ளெய்ம் பண்ணலாம். வேக்ஸின்லாம் அதுல வந்துடும்.” மார்ச் வரை பொறுப்பது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது எனக்கு. “எனக்கு எதுக்குடா அவ்ளோ காசுல ஊசி” என்று அம்மாவும் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டாள்.

கார்த்திகை மழையில் அம்மாவுக்கு இடப்பக்க விலாவில் எரிச்சல். வாயு என்றாள். பிறகு வரிசையாகக் கொப்புளம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததுமே சொல்லிவிட்டார், அக்கி. பட்டாபிராம் பக்கம் பானை செய்கிற பெரியவர் ஒருவர் அக்கி எழுதுவாராம். காவியைக் கரைத்து விலாவில் சிங்கம் எழுதி அனுப்பினார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை. எனக்கு ஆபீஸில் லீவு சொல்ல வேண்டாமே என்ற வசதி. டாக்டரிடம் போனபோது, “கொப்புளம் என்னைக்கு வந்துச்சு?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலனாம். அது தாண்டியிருந்தது. ஃபைலைப் புரட்டினார். தன் பழைய சீட்டில் ஒரு கணம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் போனார்.

கொப்புளம் காய்ந்தது. வலி போகவில்லை. ஜாக்கெட் போட முடியாமல் பழைய வேட்டித் துணியைத் தளர்த்திச் சுற்றிக்கொண்டாள். ஃபேன் காற்று பட்டாலே பல்லைக் கடிப்பாள்.

ஒரு ராத்திரி நரம்பு வலி மாத்திரை வாங்கத் திருமுல்லைவாயல் மெடிக்கலில் நின்றேன். “இன்சூரன்ஸுக்கு பில் போடவா சார்?” என்றான் பையன். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் படுக்காத வியாதிக்கு இதுவும் வராது. அவன் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தான். பணம் அனுப்பப் போனைத் திறந்து, கடையின் பெயரைத் தேடிக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பட்டியலில் ஆடி மாதம் வந்தது. தள்ளுபடியில் டிவி வாங்கியதற்கு அனுப்பிய தொகை. இரண்டு டோஸும் போட்டு மிச்சமும் பிடித்திருக்கலாம். அன்றைக்குக் கடையில் நான் யோசித்ததெல்லாம், 43 இன்ச் போதுமா, கொஞ்சம் பெரிதாகப் பார்க்கலாமா என்பதுதான். இந்தக் காசு எங்கிருந்தாவது திரும்பி வருமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது வீட்டில் அந்த டிவி முன்னால்தான் அம்மா, துணியை விலாவில் படாமல் கையால் தூக்கிப் பிடித்தபடி, சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“சார், பேமென்ட் இன்னும் வரலை” என்றான் பையன்.

மார்ச்சில் ஓபிடி கவர் சேர்த்தேன். தடுப்பூசி அதிலும் இல்லை. “அது வேற பிளான் சார்” என்றார் ஏஜென்ட், கொஞ்சமும் அசராமல்.

அக்கி வந்து ஆறினவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெடிக்கலில் இருப்பு வைப்பதில்லை, சொல்லிவைத்து வரவழைத்தார்கள். ஐஸ் டப்பாவைப் பார்த்த அம்மா, “இது அந்த ஊசிதானே?” என்றாள். “மார்ச் வரைக்கும் தாங்கிடும்னுதான் நானும் நெனச்சேன்டா.”

ஊசியைப் போட்டு முடித்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வயசு?” என்றார்.

“ஐம்பத்திரண்டு. என் ஆபீஸ் பாலிசில…” என்று ஆரம்பித்தேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எப்ப வரட்டும் டாக்டர்?” என்றேன்.