வெயிலுக்கு ஒரு சென்ட்

 

சித்திரை விடுமுறை நெருங்குகிறது. நம்மில் பலர் மலையிறங்கிக் கொழும்புக்கும் கிழக்குக்கும் போகப் போகிறோம். "சேர், வெயிலுக்கு எந்த சென்ட் நல்லது?" என்று ஆசிரியர் அறையில் ஒரு தம்பி கேட்டார். அப்போது சுருக்கமாக ஏதோ சொல்லி விட்டேன். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

கட்டாரில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் போன வருடம் லீவில் வந்தபோது ஒரு நீலப் போத்தல் கொண்டு வந்து தந்தான். "கடல் மணம் சேர், வெயிலுக்கு ஜில்லென்று இருக்கும்" என்றான். மார்ச் மாதம், மழையில்லாத நாட்கள். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரம். நமக்கு வெயில் என்றால் கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தகரக் கூரையின் கீழ் நாற்பது பிள்ளைகளோடு பகல் பதினொரு மணிக்கு நின்று பார்த்தால் சிரிப்பு வராது.

காலையில் ஆறு தடவை அடித்துக்கொண்டு போனேன். வீட்டுக் குளிரில் மணம் போதாதது போல் தெரிந்ததுதான் காரணம். மூன்றாம் பாடவேளையில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என்னம்மா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவள் தயங்கித் தயங்கி, "சேரோட சென்ட் அவளுக்குத் தலைவலிக்குதாம்" என்றாள். பின்வரிசைப் பையன் ஒருவன் சும்மா இருக்கவில்லை. "சேர், வத்தகப்பழம் வெட்டுன மாதிரி மணக்குது!" வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகி விட்டது. வெளியே பைப்படியில் கழுத்தைக் கழுவி விட்டு வந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.

இரவு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். பையன் சொன்னது சரி. 1966இல் ஃபைசர் மருந்து நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய கலோன் என்ற இரசாயனப் பொருள்தான் பல 'கடல்' சென்ட்களுக்கு உயிர். அதற்கு வத்தகப்பழ மணமும் உண்டு; 'வோட்டர்மெலன் கீட்டோன்' என்றே அதற்கு இன்னொரு பெயர். 1988இல் வந்த டேவிடொஃப் கூல் வோட்டரும், 1996இல் வந்த அர்மானியின் அக்வா டி ஜியோவும் இந்தக் கடல் மணத்தை உலகமெங்கும் பரப்பின. உண்மையான கடற்கரை மணத்தில் பெரும்பங்கு டைமீதைல் சல்ஃபைட் என்ற வாயு. கடற்பாசியிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் அது வருகிறது. அதை அப்படியே போத்தலில் அடைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நாம் வாங்குவது கடலை அல்ல, கடலைப் பற்றிய ஓர் ஆசையை.

அடுத்ததாக மனைவியிடமிருந்து கற்றது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் மருதமுனைக்காரி. 2004 டிசம்பர் 26 அன்று அவளுக்குப் பத்து வயது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த அலையில் மிக அதிகமாக இழந்தது அம்பாறை மாவட்டம். அவளுடைய சாச்சியும் அன்று போனவர்தான். வத்தகப்பழ மணத்தை அவள் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் கழித்துக் கொழும்பில் இன்னொன்று வாங்கி வந்தேன். அதில் உப்பும் ஈரமும் பாசியும் கலந்தது போல ஒரு மணம். "இதுதான் அசல் கடல்" என்று பெருமையாக மூடியைத் திறந்து நீட்டினேன். ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வெளியே போய் நின்றாள். வெகுநேரம் கழித்து வந்து, "தண்ணி வடிஞ்ச பிறகு ஊரெல்லாம் இப்படித்தான் மணந்திச்சி. இத வீட்டுக்குள்ள வெக்காதீங்க" என்றாள். பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்தும் இதை நான் கேட்டதில்லை. அந்தப் போத்தலை அன்றே ஒருவருக்குக் கொடுத்து விட்டேன்.

அதை வாங்கிய கடையில் எனக்கு 'க்ரீன் டீ' மணம் ஒன்றையும் காட்டியிருந்தார்கள். மிகவும் ஃப்ரெஷ், வெயிலுக்கு ஏற்றது என்றார் கடைப் பையன். 1990களின் தொடக்கத்தில் பல்கரி நிறுவனம் பச்சைத் தேயிலையின் பெயரில் வாசனை வெளியிட்டதிலிருந்து அது உலகத்தில் ஒரு தனி வகையாகி விட்டது. இந்தக் கதையைப் பெற்றோர் கூட்டத்துக்கு மலையிலிருந்து நேரே வந்த ஓர் அக்காவிடம் சொன்னேன். இடுப்பில் படங்கு கட்டிய ஈரம்கூடக் காயவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். "தேயில வாசத்துக்குக் காசு குடுக்குறாங்களா சேர்? வீட்டுக்குப் போனதும் நாங்க முதல்ல கழுவுறதே அதத்தானே!"

தூரத்தில் இருப்பவருக்குக் கடலும் தேயிலையும் குளிர்ச்சி. அதற்குள் வாழ்ந்தவருக்கு ஒன்று துக்கம், மற்றது உழைப்பு. ஆகவே போத்தலில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள், உங்கள் வீட்டு மூக்குகளை நம்பி வாங்குங்கள்.

இனி அந்தத் தம்பி கேட்டதற்கு நேரான பதில்.

வெயிலில் வாசனை வேகமாக ஆவியாகி அகலப் பரவும். மலைக் குளிரில் அடங்கிக் கிடக்கும் ஒரு மணம் கொழும்பு பஸ்ஸில் கத்தத் தொடங்கும். ஹட்டனில் மூன்று தடவை அடிப்பவர் கீழே போனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊத், அம்பர், வனிலா போன்ற கனத்த மணங்களைக் குளிர்காலத்துக்கு வைத்து விடுங்கள். வெயிலுக்கு எலுமிச்சை, தோடம்பழத்தோல், புதினா, வெட்டிவேர் நல்லவை. எலுமிச்சை மணம் சீக்கிரம் போய்விடும். வெட்டிவேர் கலந்ததாக இருந்தால் அடியில் நின்று பிடிக்கும். நம் சரிவுகளில் மண்ணைப் பிடித்து வைப்பதும் அதே வேர்தான்.

கடைக் கடதாசியில் மணந்து முடிவெடுக்க வேண்டாம். கையில் பூசி, டவுனில் ஒரு சுற்று நடந்து, அரை மணி நேரம் கழித்து மணந்து பாருங்கள். முதலில் வருவது விருந்தாளி, பிறகு நிற்பதே வீட்டுக்காரன்.

மதுசாரம் வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணெய் அத்தர் இருக்கிறது. உடம்போடு ஒட்டி நிற்கும், அடுத்தவர் மூக்கில் ஏறாது. வகுப்பறைக்கும் அதுவே நல்லது. போத்தலை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், வெயில் பட்டால் கெட்டு விடும்.

ஜும்ஆவுக்கு மணம் பூசிப் போவது சுன்னத். பச்சை வெங்காயம், பூண்டு தின்றவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்றும் அதே மார்க்கம்தான் சொன்னது. பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவு கொடுக்காதே என்பதுதான் இரண்டுக்கும் பொருள். இதைப் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அதைச் சொல்லித் தந்தவள் மேசையில் தலை சாய்த்த அந்தப் பிள்ளை.

அடுத்த வாரம் பதுளை, பிபிலை வழியாக மருதமுனைக்குப் போகிறோம். பையில் எலுமிச்சையும் வெட்டிவேரும் கலந்த ஒரு சின்ன அத்தர் போத்தல் இருக்கிறது. மனைவி மணந்து பார்த்துச் சரி சொன்ன பிறகே வாங்கினேன். நீலப் போத்தல் வீட்டில் இருக்கட்டும். அவள் அதற்கு 'வத்தகப்பழம்' என்றே பெயர் வைத்து விட்டாள்.

நீங்களும் புதிதாக ஒன்று வாங்கினால், வாசலைத் தாண்டுமுன் வீட்டில் ஒருவரிடம் நீட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வேறு ஏதாவதாக வந்தாலும் இருந்து கேளுங்கள்.