உள்நாட்டுப் பயணம்

சில வருடங்களுக்கு முன்பு விமான டிக்கெட் முன்பதிவு மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். கிளம்பும் நிலையமும் இறங்கும் நிலையமும் ஒரே நாட்டில் இருந்தால் அது உள்நாட்டுப் பயணம், இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பயணம். அந்த நாலு வரி கோடை எழுதியவன் நான்தான். ஒருநாள் ஒரு புகார் வந்தது. பொகோட்டாவிலிருந்து சான் ஆந்த்ரெஸ் தீவுக்குக் கிளம்பிய கொலம்பியர் ஒருவரிடம், விமானம் ஏறும் இடத்தில் சுற்றுலா அட்டை கேட்டிருக்கிறார்கள். பணம் கட்டி வாங்க வேண்டிய அட்டை அது. அப்படி ஒன்று இருப்பதையே எங்கள் தளம் அவருக்குச் சொல்லவில்லை.

"சொந்த நாட்டுக்குள்ள போறதுக்கு எதுக்குங்க அட்டை?" என்று டீம் லீடிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? நீயே பாரு" என்றார்.

வரைபடத்தைத் திறந்தேன். கொலம்பியக் கரையிலிருந்து தீவு எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். நிகராகுவாவோ சுமார் இருநூறு கிலோமீட்டர்தான். மொத்தமே 26 சதுர கிலோமீட்டர். வடக்கு முனையில், ஊரை ஒட்டி, தீவின் குறுக்கே பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஓடுபாதை கிடக்கிறது.

அங்கே காலங்காலமாக வாழ்பவர்கள் ரைசால் மக்கள். பேசுவது ஆங்கிலம் கலந்த கிரியோல், பலர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள், பிழைப்பு ஒரு காலத்தில் தேங்காயும் கடலும். 1953இல் ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிபர் குஸ்தாவோ ரோகாஸ் பினியா அதே வருடம் தீவைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். விமான நிலையமும் வந்தது. அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். வரியில்லாத ரேடியோவும் வாசனைத் திரவியமும் வாங்க நிலப்பகுதி மக்கள் பறந்து வந்தார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் திரும்பிப் போகவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஆறாயிரத்தை ஒட்டியிருந்த தீவுக்கூட்டத்தின் மக்கள்தொகை 2018 கணக்கெடுப்பில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. பள்ளியும் அலுவலகமும் ஸ்பானிஷ் ஆயின. ரைசால்கள் சொந்த மண்ணில் சிறுபான்மை.

1991இல்தான் கதவைக் கொஞ்சம் சாத்தினார்கள். புதிய அரசியலமைப்பின் 310ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. அதே வருடம் 2762ஆம் எண் ஆணை வந்தது. குடியிருக்க ஓர் அட்டை, வந்து போக ஓர் அட்டை. உள்ளூர்க்காரரும் தன் வீட்டில் குடியிருக்கும் உரிமையை அட்டை காட்டி நிரூபிக்க வேண்டும். அந்தக் கொலம்பியப் பயணியின் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் யாருடைய எரிச்சல் பழையது என்று கேட்டால் எனக்குப் பதில் சுலபம்.

விமானம் வேண்டாம் என்றும் அவர்களால் சொல்ல முடியாது. பெரிய சிகிச்சை என்றால் நிலப்பகுதிக்குத்தான் பறக்க வேண்டும். 2023இன் தொடக்கத்தில் இரண்டு மலிவுக் கட்டண நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடிக்கொண்டபோது தீவின் பிழைப்பே ஆட்டம் கண்டது.

பக்கத்துத் தீவான ப்ராவிடென்சியாவில் இருப்பது சிறிய ஓடுபாதை. சான் ஆந்த்ரெஸில் இறங்கி, சின்ன விமானம் மாறிப் போகலாம். 2020 நவம்பரில் ஐயோட்டா புயல் அங்கே அனேகமாக ஒரு வீட்டையும் முழுசாக விட்டுவைக்கவில்லை. அப்போது நிவாரணம் வரவும் அந்த ஓடுபாதை வேண்டியிருந்தது. ஆனால் அதை நீட்டும் திட்டத்தை எதிர்ப்பவர்களும் ரைசால்களில் இருக்கிறார்கள். பெரிய விமானம் வந்தால் பின்னாலேயே என்ன வரும் என்பதை அறிய அவர்கள் தெற்கே எட்டிப் பார்த்தால் போதும். இதை நான் முதலில் முரண்பாடு என்றுதான் நினைத்தேன். முட்டாள்தனம்.

கோடைத் திருத்தினேன். உள்நாடு, வெளிநாடு என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன். இரண்டு நிலையங்களின் குறியீடுகளையும் நேரடியாக அதில் எழுதிவிட்டேன். "ஏன் ஹார்ட்கோட் பண்ணியிருக்கே? இது ஜெனரிக்கா இருக்கணும்" என்று சரிபார்த்தவர் கேட்டார். பதிலுக்கு ஆணையின் எண்ணையும் வருடத்தையும் ஒட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.