மழைத்தண்ணியும் ஒரு சவுக்காரக் கட்டையும்

என்னுடைய அம்மப்பாவுக்கு நான்தான் முகம் வழித்துவிடுகிறேன். கிழமையில் மூன்று நாள், காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, விறாந்தைக் கதிரையில். கம்பஸில் இதைச் சொன்னபோது ஒருத்தி, "உனக்குக் கை நடுங்கேல்லையோ?" என்று கேட்டாள். நடுங்கினதுதான். முதல் நாளே நாடியில் இரண்டு இடத்தில் வெட்டிப்போட்டேன். ஆனால் பிளேட்டைவிட என்னைக் கூடப் பாடுபடுத்தினது நுரை.

2021இல் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் சலூன் அண்ணா ஒருவர் சைக்கிளில் வந்து வழித்துவிட்டுப் போனார். பிறகு அவரும் கொழும்புக்குப் போய்விட்டார். கனடா மாமா, அமத்தினால் நுரை வருகிற பேணி இரண்டு அனுப்பினார். கூடவே வட்சப்பில் ஓர் அறிவுரை: "பொம்பிளைப் பிள்ளையை விட்டு உதுகளைச் செய்விக்காதேங்கோ, ஆரும் பெடியனைப் பிடியுங்கோ." பெடியனை ஒருவரும் பிடித்துத் தரவில்லை. அம்மா விடிய வேலைக்குப் போய்விடுவா. மிஞ்சினது நான். அம்மப்பா பேணி நுரையை இடக்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "இது காத்து" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது அவருடைய பிறஸும் சவுக்காரமும்தான். வலக்கை நாற்பது ஐம்பது வருசமாகச் செய்த வேலையை, அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் படித்தேன். பிறஸை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எடுத்து நன்றாக உதற வேண்டும். சவுக்காரத்தின் மேல் அரை நிமிசம் சுற்ற வேண்டும். தும்பில் பசை மாதிரி ஏறும்வரை தண்ணீர் சேர்க்கக் கூடாது. பிறகுதான் முகம். சுற்றச் சுற்றத் துளித்துளியாகத் தண்ணீர். பெரிய பெரிய குமிழி வந்தால் தண்ணீர் கூடிப்போய்விட்டது, பிறஸ் இழுபட்டால் காணாது. "வடைக்கு அரைச்ச உழுந்துமாதிரி வரவேணும்" என்பார். நான் உழுந்தையே மிக்சியில் அடிக்கிற ஆள். எனக்கு இரண்டு பதமும் தெரியாது.

எவ்வளவு சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு திரைதான் வந்தது. ஒரு கிழமை இப்படியே போனது. அவர் பொறுமையாகத்தான் இருந்தார்.

"பிள்ளை, எந்தத் தண்ணி எடுத்தனி?"

"கிணத்துத் தண்ணி, அம்மப்பா."

"பின்னை எப்பிடி நுரைக்கும்? மழைத்தண்ணி எடு."

நான் கலைப்பீடக்காரி. விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவினவள். என்றாலும் இதைத் தேடி வாசித்தேன். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஆறு. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, கல்லைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் உள்பக்கம் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுதான். அந்தத் தண்ணீரில் இருக்கிற கல்சியம் சவுக்காரத்தைப் பிடித்துக் கரையாத திரையாக்கிவிடும். கல்சியம் முடிந்த பிறகுதான் நுரை தொடங்கும். அதாவது, ஒவ்வொரு நாளும் சவுக்காரத்தில் ஒரு பங்கைக் கிணற்றுக்குக் கப்பமாகக் கட்டிவிட்டுத்தான் நாங்கள் முகத்துக்கு வருகிறோம். மழைத்தண்ணிக்கு அந்தக் கப்பம் இல்லை.

அடுத்த நாள் பீலியால் விழுந்த தண்ணீரைத் துணியில் வடித்து எடுத்தேன். நுரை வந்த விதத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதில் வேடிக்கை, அம்மப்பா சோறு தின்றதே அந்தக் கல்லில்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. 1950இல் தொடங்கின தொழிற்சாலை அது. சுண்ணாம்புக் கல் அங்கேயே கிண்டி எடுத்தது, களிமண் முருங்கனிலிருந்து வந்தது. "தாடி முள்ளுக்குள்ள சீமெந்துத் தூள் ஏறினா, வேர்வை பட எரியும்" என்பார். அதனால் ஒவ்வொரு விடியவும் வழிப்பு. சவர முகத்தோடு வேலைக்குப் போவதில் ஒரு மிடுக்கும் இருந்திருக்கும், அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியது. தொழிற்சாலை நின்றது. வீட்டைப் பூட்டிக்கொண்டு இணுவிலுக்கு வந்தார்கள். பிறகு பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி என்று போன பட்டியலில் சவுக்காரமும் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி எங்கள் தலைமுறைக்கு ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். சவுக்காரம் இல்லாத கதையை நான் அம்மாவிடம் கேட்டுத்தான் வாங்கினேன். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்களாம். பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளாபெலிபெரின் ஒரு சபோனின். சபோனின் தண்ணீரில் நுரைக்கும். யாழ்ப்பாணத்திலேயே சவுக்காரம் செய்து விற்ற மில்க்வைற் கனகராசா, பனம்விதை நடுங்கள் நடுங்கள் என்று திரிந்தவர். சவுக்காரக்காரர் நடச்சொன்ன மரம், சவுக்காரம் இல்லாத காலத்தில் கைகொடுத்திருக்கிறது. காயப்போட்ட சட்டையை வாசத்துக்கு மாடு சப்பினது வேறு கதை.

அம்மப்பா பனங்களியை முகத்திலும் பூசிப் பார்த்திருக்கிறார். நுரை வந்ததாம், ஆனால் பிளேட் வழுக்கவில்லை. வழிக்கிற சவுக்காரத்தில் ஸ்ரியறிக் அமிலம் கூடப் போடுவார்கள். காரத்திலும் சோடியம் ஒரு பங்கு, பொட்டாசியம் ஒரு பங்கு. முன்னது கட்டியாக வைத்திருக்கும், பின்னது சுகமாகக் கரையும். அந்தக் கொழுப்புத்தான் தோலுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் படுக்கிறது. வெறும் நுரை அந்த வேலையைச் செய்யாது. அதோடு அவர் தாடி வளர்த்துவிட்டார். "அப்பாவைப் பாக்கச் சாமியார் மாதிரி இருக்கும்" என்று அம்மா சொல்லுவா.

நான் செய்த பிழை 2022இல். அந்த வருசம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, காலையில் ஒரு விலை பின்னேரம் ஒரு விலை. வழிக்கிற சவுக்காரம் கடைகளில் இல்லை. உடுப்புச் சவுக்காரத்தால் ஒருநாள் வழித்து அவர் கன்னம் சிவந்துபோனது. அலுமாரியில் வேட்டிகளுக்குக் கீழே ஒரு பழைய பேணி கிடந்தது. திறந்தால், துணி சுற்றி, ஒரு சவுக்காரக் கட்டை. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. பேர் எழுதின தாள் எப்பவோ கழன்றுவிட்டது. ஓரத்தில் வெடிப்பு, வாசம் ஒன்றுமில்லை. பழசு, பாவிக்கலாமோ என்று மட்டும் யோசித்தேன். யாருடையது என்று யோசிக்கவில்லை.

முதலில் கல் மாதிரி இருந்தது. சுடுதண்ணீர் இரண்டு துளி விட்டு வைத்துவிட்டுச் சுற்றினேன். வந்ததே ஒரு நுரை! முப்பது வருசத்துச் சவுக்காரம் பழுதாகியிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஸ்ரியறிக் மாதிரி நிரம்பிய கொழுப்பு இலேசில் ஊசிப்போகாதாம். தண்ணீர் வற்றி இறுகுமே தவிர, குணம் அப்படியே இருக்கும்.

ஒரு கன்னம் முடிந்ததும் கேட்டார்.

"இது எங்கால?"

"அலுமாரிப் பேணிக்குள்ள கிடந்தது, அம்மப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். நான் றேசரைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "மற்றப் பக்கத்தை வழி" என்றார்.

துவாயால் துடைத்த பிறகுதான் சொன்னார். 1990இல் கடைசிச் சம்பளத்தில் வாங்கின கட்டைகளில் கடைசி. "பக்டரி திறக்கிற அண்டைக்கு எண்டு வைச்சனான்." தாடி வளர்த்த காலத்திலும் அதை எடுக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் நடந்தபோது அந்தப் பேணியும் நடந்திருக்கிறது. தென்மராட்சியில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. தொழிற்சாலை திறக்கப் போகிறார்கள் என்று இடைக்கிடை பத்திரிகையில் வரும். அம்மப்பா அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் வாசிப்பார். இன்றைக்கும் திறக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒருக்காத்தானே பாவிச்சது, காயவைச்சுத் திரும்பச் சுத்தி வைக்கிறன்" என்றேன்.

"விசரே? நனைஞ்சதைப் பூட்டி வைச்சா களியாப்போம். சிரட்டையில போடு."

சிரட்டை என்பது எங்கள் வீட்டுச் சவுக்காரப் பெட்டி. கண்ணைத் துளைத்து, அடியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டு, கிணற்றடி யன்னலில் வெயில் படாமல் காத்துப் படுகிற இடத்தில் வைத்திருப்பார். தண்ணீர் வடியவேண்டும், அடுத்த வழிப்புக்கு முன் காயவேண்டும். பிறஸைத் தும்பு கீழே பார்க்கத் தூக்க வேண்டும். மூடிபோட்ட பிளாஸ்ரிக் பெட்டிகளை அவர் மதிப்பதில்லை. கார்த்திகை மழைக்குள் மட்டும் சிரட்டை குசினிக்குள், அடுப்பு வெக்கைக்கு வரும்.

அந்தக் கட்டை எட்டு மாதம் வந்தது. கடைசியில் சதக் காசு மாதிரித் தேய்ந்த துண்டை, புதிதாகக் கிடைத்த சவுக்காரத்தின் தலையில் ஈரத்தோடு அமத்தி ஒட்டினேன். அப்படித்தான் செய்யச் சொன்னார்.

மழைத்தண்ணிதான் இன்னும் பிரச்சினை. மாரியில் பானையில் பிடித்து வைத்தால் டெங்குக்குப் பயந்து அம்மா ஊற்றிவிடுவா. போனமுறை பி.எச்.ஐ. வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தபோது, இது முகம் வழிக்கிற தண்ணீர் என்று விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. மூடித்தான் வைத்திருக்கிறேன், பங்குனிக்கு அதுவும் முடிந்துவிடும். இப்போது கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் வெள்ளை படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் வார்த்து எடுக்கிறேன். கொதிக்கும்போது சுண்ணாம்பில் பெரும்பங்கு பிரிந்துவிடும். மழைத்தண்ணிக்குக் கிட்ட வராது, ஆனால் திரை குறைவு.

முந்தாநாள் அந்தத் தண்ணீரில் வழித்தேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தார். முடிந்ததும் இடக்கையால் நாடியைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி பரவாயில்லை. இஞ்ச, நாடிக்குக் கீழ விட்டிட்டாய்."

திரும்பவும் பிறஸை நனைத்தேன்.