கூம்புக் குழாயில் திருப்பாவை

ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அடுத்துள்ள ராஜபாளையத்திலும் மார்கழி விடியலில் ஒலிக்கும் திருப்பாவை, இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும் பின்னர் பென் டிரைவுக்கும் மாறியிருந்தாலும், மைக்செட் தொழில் செய்வோரிடம் ஒரு பதிவின் தரத்தைத் தீர்மானிப்பது குழாய்தான். குழாய் என்று தொழிலில் வழங்குவது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. பின்புறம் திருகப்படும் யூனிட்டில் உள்ள மெல்லிய சவ்வு எழுப்பும் ஒலியை அக்கூம்பு குவித்துத் தொலைவுக்கு அனுப்புகிறது. மனிதக் குரலுக்கு இடம் கொடுக்கும் இக்கருவி தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக வெளியே விடாது. மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் தாழ்ந்த நாதம் இதில் பெரும்பாலும் அடங்கிப்போகும். அதைக் கேட்கவைக்கப் பேஸ் குமிழை ஏற்றினால் சவ்வு அளவுமீறி அசைந்து யூனிட்டின் கம்பிச்சுருளான காயில் கெட்டுவிடும் என்பதால், அனுபவமுள்ளவர் அதை அடியோடு குறைத்த பிறகே பாட்டைப் போடுவார்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைக்க எம்.எல். வசந்தகுமாரி (1928–1990) பாடிய திருப்பாவைப் பதிவு இந்தக் குழாய்க்கென்றே செய்ததுபோல் இருக்கும். முதல் ஐந்து பாசுரங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ எனத் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் ராகங்களிலேயே, அதே வரிசையில் அமைந்திருக்கின்றன. பிருகா என்னும் அதிவேக ஸ்வர உருட்டல்களுக்குப் பேர்பெற்ற அப்பாடகி இங்கே அவற்றை அடக்கி வாசித்து, எட்டடிப் பாசுரத்தின் ஒவ்வொரு சொல்லையும் முன்னே நிறுத்துகிறார்; மூன்று தெரு தள்ளிக் கேட்பவருக்கும் வல்லின மெய்கள் மழுங்குவதில்லை.

பிற்காலப் பதிவுகள் சிக்கலானவை. ஸ்டீரியோ என்னும் இருதடப் பதிவில் வயலினை ஒருபுறமும் மிருதங்கத்தை மறுபுறமும் ஒதுக்கிவைப்பது வழக்கமாதலால், ஒற்றைத் தட ஆம்ப்ளிஃபயரில் ஒரு வயரை மட்டும் செருகினால் பக்கவாத்தியத்தில் ஒன்று காணாமற் போகும். இரண்டையும் சேர்த்துக் கட்டினாலோ, இருபுறமும் செயற்கையாக விரித்த கீபோர்டின் ஒலிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சோகையாகிவிடும். இது உள்ளூர்த் தொல்லை மட்டுமன்று. பீட்டில்ஸ் குழுவினர், மாதக்கணக்கில் உழைத்து 1967இல் வெளியிட்ட சார்ஜென்ட் பெப்பர் இசைத்தட்டிலும் ஒற்றைத் தடக் கலவைக்கே உடனிருந்து, ஸ்டீரியோக் கலவையைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டார்கள்.

எதிரொலி சேர்த்த பதிவுகள் இன்னும் மோசம். கோபுரத்திலும் வீட்டுச் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் ஒலி போதாதென்று பதிவுக்குள்ளும் ஒன்று இருந்தால் அடுத்த அடியின் தொடக்கம் முந்தைய அடியின் வாலில் புதைந்துபோகிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளுக்குப் பின், மண்டபத்துக்குள் பெட்டி ஸ்பீக்கர் வைத்த இடங்களில்தான் தொப்பியும் கேட்கிறது, புதிய பதிவுகளுக்கும் ஓரளவு நியாயம் கிடைக்கிறது.