சுவர் வழியே வந்த பாட்டு

மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டு 1971 மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது. வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய் ஒருவனின் பார்வையில் அமைந்த ஒன்பது பாடல்கள். கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையில் அதனை முதல் வரிசையில் வைப்போர் பலர். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் அது எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

என் தகப்பனார் துரை பங்களாவில் அப்புவாக வேலை பார்த்தவர். துரை சீமைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்த தட்டு அது. இரவு விருந்து முடிந்தபின் முன்னறையில் அது சுழலும். தகப்பனார் குசினியில் பீங்கான் கழுவிக்கொண்டிருப்பார். கனத்த சுவர் உயர்ந்த ஓசைகளைத் தடுத்துவிடும். தாழ்ந்த ஓசைகள் கசிந்து வரும். குரலோ சொற்களோ அவரை எட்டியதில்லை. எட்டியது பேஸ் கிட்டாரின் நடை ஒன்றே. அதைத் தொண்டைக்குள் முனகியபடியே லயத்துக்குத் திரும்புவார்.

லயத்தில் எங்களிடம் இருந்தது சிறிய ட்ரான்சிஸ்டர். அதன் உள்ளங்கையளவு ஸ்பீக்கரில் குரல் கேட்கும், பேஸ் கேளாது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அந்த முதற்பாட்டு வந்த நாளில், தகப்பனார் முனகுவது இதைத்தான் என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை, அவருக்குந்தான். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரையும் போனார், தட்டும் போயிற்று.

பின்னாளில் பத்திரிகைப் பணியாக இலண்டன் சென்றபோது, பழைய தட்டுக்கடை ஒன்றில் அதை வாங்கினேன். வினைல் என்றாலே மந்திரம் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் பள்ளம் நகரும் வேகம் குறைகிறது; ஒலியின் தெளிவும் குறைகிறது. நம் மலைநாட்டு ஈரமோ உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஆயினும் மொத்தம் 35 நிமிடங்களே ஓடும் இந்தத் தட்டில் பள்ளங்களை நெருக்கியடிக்க வேண்டிய தேவை இல்லை. பேஸுக்குத் தாராளமாக இடமுண்டு. மேலே, கேயின் குரலே இரண்டாகப் பதிவாகித் தனக்குத்தானே துணை பாடுகிறது. கீழே, ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் தனியாக நடந்து போகிறது.

ஊருக்கு வந்து தகப்பனாருக்குப் போட்டுக் காட்டினேன். பேச்சுக் குரல்களும் சாக்சபோனும் அவரை அசைக்கவில்லை. பேஸ் பிடிபட்டதும் நிமிர்ந்தார். பாடல் பாதி போகும்வரை பேசவில்லை.

“இதுக்குப் பாட்டும் இருந்திச்சா தம்பி?” என்றார்.

மோட்டவுன் நிறுவனம் அதுவரை தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அட்டையில் போட்டதில்லை. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், கொழுந்தெடுத்தவள் பெயர் இராது, அதே வழக்கந்தான். இந்த அட்டையில் முதன்முறையாக அச்சிட்டார்கள். ஜேமர்சனுக்கு ‘ஒப்பற்ற’ என்ற அடைமொழியும் உண்டு. தகப்பனார் அந்த வரியைக் காட்டச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்தார். பிறகு முதற்பாட்டை மறுபடியும் போடச் சொன்னார்.