துரு தின்ற இடம்

துருவைக் கடனுக்கு ஒப்பிடலாம். வெளியே தெரிவது எட்டணா என்றால் உள்ளே எட்டு ரூபாய் இருக்கும். கார்க் கதவின் அடிவிளிம்பில் மிளகு அளவுக்குப் பெயிண்ட் உப்பியிருப்பதைப் பார்த்து, "இது என்ன பெரிய விஷயம்!" என்று கட்டை விரலால் அழுத்துகிறோம். அப்பளம் நொறுங்குகிற சப்தம் கேட்கிறது. விரல் உள்ளே போய்விடுகிறது.

காரணம் லேசானது. துரு பெரும்பாலும் உட்புறத்திலிருந்துதான் கிளம்புகிறது. மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது சகஜம்; அது வெளியேறுவதற்காகவே கதவின் அடியில் சிறு துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே குடியிருக்கும். இரும்பும் காற்றும் ஈரமும் மூன்றுமாகச் சேர்ந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். உப்பும் சேர்ந்தால் ஓட்டமாக ஓடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிற பண்டம். அதனால்தான் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே உப்புகிறது. நாம் கொப்புளத்தைக் காணும்போது தகடு ஏற்கனவே போய்விட்டது என்று அர்த்தம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது, சாரல் வருகிறது. கடல் உப்பு அவ்வளவு தூரம் வந்து சேர்வதில்லை. ஆனால் என் வண்டி இந்த ஊரில் வளர்ந்ததன்று. 1988-ஆம் வருஷத்து அம்பாஸடர். கடற்கரை ஊர் ஒன்றில் இருபது வருஷம் வாழ்ந்துவிட்டு, ஒரு தரகர் மூலமாக என்னிடம் வந்து சேர்ந்தது. வாங்கும்போது பளபளவென்று இருந்தது. தரகர் வண்டியின் கூரையை உள்ளங்கையால் தட்டி, "கேட்டீங்களா, எருமை மாதிரி!" என்றார். கூரை எருமைதான். அடிப்பாகத்தை அவர் தட்டிக் காட்டவில்லை.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு நாள் பின்ஸீட்டில் இருந்த என் மகள், "அப்பா, ரோடு ஓடுது பாருங்க" என்றாள். ரோடு எங்கே ஓடும், நாம்தான் ஓடுகிறோம் என்று தத்துவம் பேசப் போனேன். அவள் கீழே காட்டினாள். ரப்பர் விரிப்பின் ஓரத்தில், அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், நிஜமாகவே அவிநாசி ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் விரிப்பை எல்லாம் கிளப்பிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு 'ணங்' என்று சொல்லும். கெட்டது 'சொத்' என்னும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில் 'சொத்'தும் இல்லை, 'ணங்'கும் இல்லை. சுண்ணாம்புக் கட்டியைத் தட்டினாற்போல ஒரு மந்தமான சப்தம். குத்திப் பெயர்த்தால் விரற்கடைக் கனத்துக்குப் பட்டி. பட்டிக்குப் பின்னால், ஓட்டையை அடைப்பதற்காகத் திணித்திருந்த காகிதம். பிரித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கம்! எழுத்தாளனுக்கு வரக்கூடிய சோதனைகளில் இது ஒரு புது ரகம். கதை என்னுடையது அல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டேன். பிறகுதான் தரகரின் மேல் கோபம் வந்தது.

பட்டியைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளத்தை நிரவுவதற்காக வந்த சாமான் அது. பின்னால் தகடு இருக்கும் இடத்தில் மெல்லியதாகப் பூசித் தேய்த்தால் அழகாக நிற்கும். ஓட்டைக்குக் குறுக்கே அதையே சுவராக எழுப்பும்போதுதான் கேடு வருகிறது. ரெஸினும் மாவுக் கல்லும் கலந்த பண்டமாகையால் பின்புறத்து ஈரத்தை மெள்ள உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய ஈரத்தைப் பக்கத்தில் மிச்சமிருக்கும் நல்ல இரும்புக்கே கொடுக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே ஈரத்துணி சுற்றி வைத்த இரும்பு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ தாங்கும். விற்கிறவனுக்கு அவ்வளவு போதும்.

நாமே அடைத்தால் என்ன என்று தோன்றியது. இந்த ஊருக்கு அப்படி ஒரு வாசனை உண்டு. ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பது கௌரவமாகப் படுவதில்லை. என்னிடம் வெல்டிங் சாதனம் கிடையாது; கற்கும் உத்தேசமும் இல்லை. காகிதம்போல் மெலிந்த பழைய தகட்டில் நெருப்பு வைத்தால் ஓட்டை பெரிதாகும். தகடு நெளியும். விரிப்பும் பெட்ரோல் குழாயும் இருக்கிற இடத்தில் பொறி பறக்கும். வீட்டு வாசலில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆனால் தொடங்கும் முன், அறுபது தாண்டிய ஒரு டிங்கர் மேஸ்திரியிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வண்டியை ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்து, ஒரு சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டார். கால் வைக்கும் தளத்தில் இரண்டு ஓட்டை, டிக்கியில் ஒன்று, கதவடியில் ஒன்று. இவற்றைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு பின்சக்கரத்து வில்லுப்பட்டை வந்து மாட்டுகிற இடத்திலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியிலும் பெரிய பெருக்கல் குறி இரண்டு.

"வட்டம் போட்டதெல்லாம் உங்களுதுங்க தம்பி. பெருக்கல் போட்டதைத் தொட்றாதீங்க" என்றார்.

"ஏனுங்கண்ணா, அதுவும் ஓட்டைதானே?"

"வூட்டுல செவுரு பேந்தா நீங்களே பூசிக்கலாமுங்க. தூணு விரிஞ்சா பூசுவீங்களா?"

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அம்பாஸடருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. தளமும் இரண்டு பக்கத்துப் பெட்டிகளும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. 1961 முதல் சென்னையில் செய்துவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் அடியில் தனிச் சட்டம் உண்டு. மேலே உடம்பைத் திருகி வைத்திருப்பார்கள். அதிலே தளம் துருப்பிடித்தால் சட்டைக் கிழிசல். இதிலே சில இடங்கள் சட்டை, சில இடங்கள் முதுகெலும்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பெயிண்ட்.

இனி வட்டத்துக்குள் வருகிறேன். முதலில் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். இந்த இடத்தில்தான் மனம் கூசும். அரையணா அளவு ஓட்டையை அடைக்க வந்தவன் அதை உள்ளங்கை அளவுக்கு வெட்ட வேண்டியிருக்கிறது. தகரக் கத்தரியால், மின்னுகிற நல்ல இரும்பு தென்படும் வரையில் வெட்டியே தீர வேண்டும். கம்பி பிரஷ்ஷால் சுற்றுப்புறத்தைச் சுரண்டிவிட்டு, குழிகளில் ஒளிந்திருக்கும் துருவுக்கு மருந்து பூச வேண்டும். மருந்தில் இரண்டு தினுசு. ஒன்று பாஸ்பாரிக் அமிலம். பூசியபின் கழுவிக் காயவைக்க வேண்டும். மற்றொன்று டானின் சேர்ந்தது. துருவின்மேல் பட்டதும் நீலக் கறுப்பாக மாறுகிறது. அந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் காய்ச்சிய மையின் நிறம்! கடுக்காயில் இருப்பதும் டானின்தான். அன்னபேதி இரும்பின் உப்பு. என் தொழிலுக்கு உதவிய ரசாயனம் என் வண்டிக்கும் உதவியதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

அதன்மேல் துத்தநாகப் பிரைமர். ஒட்டுக்கு இருபதாம் நம்பர் கால்வனைஸ் தகடு. காற்றுக் குழாய் செய்கிற பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டே போதும். ஓட்டையைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கிவிட வேண்டும்; கூர்மூலை இருந்தால் அங்கேதான் முதலில் கிளம்பும். தகட்டுக்கு அடியில் ஸீலரைத் தாராளமாகப் பூசி, அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, பாப் ரிவெட் அடிக்கிறேன். துளைகளின் வாயிலும் பிரைமர் தொட்டு வைக்க வேண்டும். ரிவெட் என்றால் சிலருக்கு இளக்காரம். ஹௌரா பாலம் 1943 முதல் ரிவெட்டில்தான் நிற்கிறது. சந்தையில் பித்தளைக் குடத்தின் ஓட்டைக்கு ஆணி வைத்து அடித்துக் கொடுப்பவரை நம் பாட்டிமார் நம்பினார்களே, அதே வித்தைதான் இதுவும்.

கதவடியில் வளைவாக இருந்தமையால் தகடு படியவில்லை. அதற்குக் கண்ணாடி நார்ப் பாயும் எபாக்ஸி ரெஸினும் எடுத்துக்கொண்டேன். பாலியஸ்டர் ரெஸின் மலிவு. ஆனால் இரும்பைப் பிடித்துக்கொள்வதில் எபாக்ஸியே கெட்டி. மேலும் கடையில் பாலியஸ்டருக்குக் கொடுக்கிற இரண்டு சிறு புட்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒன்று கோபால்ட், மற்றது கட்டியாக்கும் பெராக்ஸைடு. இரண்டையும் நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ரெஸினில் கோபால்ட்டை முழுக்கக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்கலாம். கடைக்காரர் இதைச் சொல்லாமலே கட்டிக் கொடுத்துவிடுவதுண்டு.

நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வட்டங்கள் தீர்ந்தன. அடியில் தார்ப் பூச்சும் ஆயிற்று. அப்போதுதான் பெருந்துறையில் கல்யாணம் வந்தது. மைத்துனர் குடும்பமும் நாங்களுமாக ஆறு பேர், சீர் சாமான்கள் வேறு. "இவ்வளவு செஞ்சவருக்கு அந்த ரெண்டு ஓட்டையையும் அதே தகரத்தை வெச்சு அடிக்கத் தெரியாதா மாப்ள?" என்றார் மைத்துனர். தெரியும். அடித்திருந்தால் பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆறு பேர் உட்கார்ந்து, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கும்போது, வில்லுப்பட்டையின் இழுப்பு முழுவதும் அந்த இடத்துக்குத்தான் வரும். மேஸ்திரிக்கு அந்த வாரம் ஒழிவு இல்லை. நாங்கள் சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். என் மனைவி பெருந்துறை வரையில் பேசவில்லை. திரும்பும்போது கொஞ்சம் பேசினாள்.

அடுத்த மாதம் மேஸ்திரி ஸீட்டுகளைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை இறக்கி வெளியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணலுடன் இரண்டு நாள் வேலை செய்தார். அழுகிய பெட்டியை முழுதாக அறுத்தெடுத்து, புதுத் தகட்டை மடக்கிப் பற்றவைத்தார். என்னுடைய ரிவெட்டுகளை விரலால் தடவிப் பார்த்து, "வரிசை கொஞ்சம் கோணலுங்க. ஆனாப் புடிச்சிருக்குது" என்றார்.

இப்போது வைகாசி கடைசியில், சாரல் தொடங்கும் முன், ஒரு காரியம் தவறாமல் செய்கிறேன். தென்னை ஈர்க்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, நாலு கதவுகளின் அடித் துவாரங்களையும் குத்திவிடுகிறேன். போன வருஷம் இடது பின்கதவிலிருந்து ஒரு பிடி செம்மண்ணும், இரண்டு புளியங்கொட்டையும் விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் கால் படி தண்ணீர்.